வாசகர் கேள்வி பதில்: துவா, துவான்னு ஒரு மலைநாடு

போன இதழ்ல ஒருத்தர் "ஒரே தொண்டைல ஒரே நேரத்துல ரெண்டு குரல் வருமா"ன்னு கேட்டிருந்தார். வரும், ஆசியாவோட நடுவுல துவான்னு ஒரு குடியரசு இருக்கு, அங்க ஆடு மேய்க்கறவங்களே அப்படிப் பாடுவாங்கன்னு நாலு வரி பதில் போட்டேன். அதுக்கு குன்னூர்லேர்ந்து கொடைக்கானல் வரைக்கும் கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க துவா தான். ஒரே கேள்விய பல பேர் கேட்டிருந்தா ஒருத்தரோடத மட்டும் போட்டிருக்கேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

அட்லஸ்ல தேடித் தேடிப் பாத்துட்டேன், துவான்னு நாடே இல்லையே? உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கத்துல எங்கயாவது இருக்கா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோத்தகிரி)

இப்போ அது தனி நாடு இல்ல சார், அதான் கிடைக்கல. ரஷ்யாவுக்குள்ள இருக்கற ஒரு குடியரசு. மேப்ல மங்கோலியாவ எடுத்து அதோட வடமேற்கு மூலைக்கு கொஞ்சம் மேல விரல வச்சீங்கன்னா அதுதான் துவா. உஸ்பெகிஸ்தான் எல்லாம் அங்கேர்ந்து மேற்க ரொம்ப தூரம், ஆனா துவா மொழியும் உஸ்பெக், கசாக் மாதிரி துருக்கிய மொழிக் குடும்பம்தான்.

வடக்க சயான் மலை, தெற்க தன்னு ஓலா மலை, நடுவுல மாட்டிக்கிட்ட பூமி. முதல்ல சீனாவோட சிங் பேரரசுக்கு கீழ இருந்துச்சு, 1914ல ரஷ்ய ஜார் தன்னோட பாதுகாப்புல எடுத்துக்கிட்டார், அப்புறம் 1921லேர்ந்து 1944 வரைக்கும் தன்னு துவாங்கற பேர்ல தனி நாடாவே இருந்துச்சு. ஆனா அத ஒரு நாடுன்னு ஒத்துக்கிட்டது சோவியத் யூனியனும் மங்கோலியாவும் மட்டும்தான். 1944 அக்டோபர்ல சோவியத்தோட சேத்துட்டாங்க, ஜனங்ககிட்ட வாக்கெடுப்புன்னு ஒண்ணும் நடக்கல. இருபத்து மூணு வருஷம் கொடி, பணம், தபால்தலைன்னு எல்லாம் வச்சிருந்த ஒரு நாடு சத்தமே இல்லாம மேப்லேர்ந்து போயிடுச்சு. வெளி உலகத்துல பல பேருக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் அது தெரிஞ்சுதுங்கறது எனக்கு இப்பவும் ஆறல.

அளவு சொல்றேன் பாருங்க. துவாவோட பரப்பு சுமார் 1,70,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாடு சுமார் 1,30,000 தான். அவ்வளவு பெரிய இடத்துல இருக்கற ஜனம் சுமார் 3.3 லட்சம். நம்ம நீலகிரி ஒரு மாவட்டத்துலயே 2011 கணக்குப்படி 7.35 லட்சம் பேர்! ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஜனத்துல பாதிக்கும் குறைவானவங்கள தமிழ்நாட்ட விட பெரிய இடத்துல பரப்பி விட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதுதான் துவா.

எங்க தாத்தாவோட தபால்தலை ஆல்பத்துல முக்கோணமா, சாய்சதுரமா சில ஸ்டாம்ப் இருக்கு. "TOUVA"ன்னு எழுதி ஒட்டகம், மல்யுத்தம் படமெல்லாம் போட்டிருக்கு. ஒரிஜினலா? விலை போகுமா? (வாசகர், குன்னூர்)

முதல்ல சந்தோஷம், அத பத்திரமா வச்சிருந்த உங்க தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. நீங்க சொல்ற அடையாளத்த வச்சுப் பாத்தா 1934லேர்ந்து 1936க்குள்ள வந்ததா இருக்கலாம்.

துவா தன்னோட முதல் தபால்தலைய 1926ல போட்டுச்சு, அதுல பௌத்த தர்மச் சக்கரம், மங்கோலிய எழுத்து. அடுத்த வருஷத்துலேர்ந்து படம் போட்டது, முக்கோணம், சாய்சதுரம் எல்லாம் வர ஆரம்பிச்சுது. முப்பதுகள்ல மாஸ்கோல அச்சடிச்சு வெளிநாட்டு சேகரிப்பாளர்களுக்குன்னே வித்தாங்க. யாக் எருமை, கரடி வேட்டை, குதிரைப் பந்தயம், வில்வித்தை, மல்யுத்தம்னு ஒவ்வொண்ணும் ஒரு காட்சி, உலகம் முழுக்க பசங்க அதப் பாத்து மயங்கிப் போனாங்க. சிலதுல ரயில் கூட வரும், ஆனா துவால இன்னைக்கு வரைக்கும் ரயில் கிடையாது. நம்ம குன்னூருக்கு 1899லயே மலை ரயில் வந்துடுச்சு, அங்க 2011ல வேலைய தொடங்கி வச்சாங்க, இன்னும் ஓடல.

ஒரிஜினலான்னு பாக்க சில விஷயம் சொல்றேன். முத்திரை குத்தியிருந்தும் பின்பக்கம் பசை அப்படியே இருந்தா பயப்படாதீங்க, போலின்னு அர்த்தம் இல்ல, அந்தக் காலத்துல விக்கறதுக்கு முன்னாடியே கத்தை கத்தையா முத்திரை குத்தி அனுப்புவாங்க, கடிதத்துல ஒட்டினதே கிடையாது. ஆனா பளபளன்னு சினிமா நடிகர், கார்ட்டூன், டைனோசர் படமெல்லாம் போட்டு துவான்னு எழுதியிருந்தா அது தொண்ணூறுகள்ல யாரோ தனியாட்கள் அச்சடிச்ச வெறும் லேபிள், தபால்தலையே இல்ல. விலை விஷயத்துல பெருசா எதிர்பாக்க வேணாம், முப்பதுகள்ல வந்தது நிறைய அச்சடிச்சதால சாதாரண விலைக்கே கிடைக்குது, 1926, 1927 வரிசைதான் கொஞ்சம் அபூர்வம். விக்கணும்னா தபால்தலை சங்கத்துல விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க.

இன்னொண்ணு, விலைய விட முக்கியம். நம்ம ஊர் மேகமூட்டத்துல பேப்பர் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் பீரோக்குள்ள ஈரம் இறங்கி பழுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சை பிடிக்கும், பிடிச்சா போகாது. சுவரை ஒட்டின அலமாரில வைக்காதீங்க, ஆல்பத்தைப் படுக்கப் போடாம நிக்க வைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, நல்ல வெயில் அடிக்கற நாள்ல நிழல்ல கொஞ்ச நேரம் திறந்து வைங்க. தண்ணில மட்டும் ஊற வச்சுடாதீங்க!

விஞ்ஞானி ஃபைன்மன் துவாவுக்குப் போக ரொம்ப ஆசைப்பட்டார்னு எங்க பிசிக்ஸ் சார் சொன்னார், உண்மையா? (கல்லூரி மாணவி, ஊட்டி)

உண்மைதான்மா. ரிச்சர்ட் ஃபைன்மன், 1965ல நோபல் வாங்கினவர். சின்ன வயசுல மேல சொன்ன அதே தபால்தலைகள சேத்தவர். 1977ல ஒரு நாள் நண்பர் ரால்ஃப் லெய்டன்கிட்ட பேச்சுவாக்குல "அந்த தன்னு துவா என்னதான் ஆச்சு"ன்னு கேட்டிருக்கார், அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் அதே நினைப்பு. ஆனா அப்போ சோவியத் காலம், அமெரிக்கர் யாரும் நெனச்ச மாத்திரத்துல அங்க போக முடியாது. ஃபைன்மன் மாதிரி ஒரு ஆள் மாஸ்கோல பிசிக்ஸ் லெக்சர் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பாங்க, அவர் அத செய்யல. சாதாரண ஆளா, வாசல் வழியா போகணும்னு நெனச்சார். பத்து வருஷத்துக்கு மேல கடிதம் எழுதினாங்க, மொழி படிச்சாங்க, அகராதி தேடினாங்க. 1988 பிப்ரவரி 15 அன்னைக்கு ஃபைன்மன் புற்றுநோய்ல இறந்துட்டார், அதுக்கு அப்புறம்தான் அழைப்புக் கடிதம் வந்து சேந்துது. லெய்டன் மட்டும் போய்ட்டு வந்தார். பிறகு 2009ல ஃபைன்மனோட பொண்ணு மிஷெல் அங்க போயிருக்காங்க.

தொண்டைப்பாட்டு எப்படி வேலை செய்யுது? கர்னாடக சங்கீதம் கத்துக்கறவ நான், புரியற மாதிரி சொல்லுங்க. (வாசகி, கொடைக்கானல்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன்மா, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

நீங்க ஒரு தம்புராவ மீட்டினா ஒரே தந்திலேர்ந்து அடி சுருதியும் வருது, அதுக்கு மேல மெல்லிசா வேற ஸ்வரங்களும் மிதந்து வருது இல்லையா, காந்தாரம் கேக்குதுன்னு உங்க டீச்சர் கூட காட்டியிருப்பாங்க. மனுஷக் குரலும் அதே கதைதான். நாம ஒரு ஸ்வரத்த பிடிச்சு நிறுத்தறப்போ அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்கு அதிர்வும் கூடவே வருது, ஆனா எல்லாம் கலந்து ஒரே குரலா காதுல விழுது. துவாக்காரங்க செய்யறது என்னன்னா, நாக்கையும் உதட்டையும் தாடையையும் இம்மி இம்மியா நகத்தி, வாய்க்குள்ள இருக்கற இடத்தோட வடிவத்த மாத்தி, அந்த மேல் அதிர்வுகள்ல ஒண்ண மட்டும் பலமா வெளிய கொண்டு வராங்க. கீழ சுருதி அசையாம நிக்கும், மேல புல்லாங்குழல் ஊதற மாதிரி ஒரு மெட்டு தனியா ஓடும்.

உங்களுக்குப் பிடிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. அவங்க அதிகமா எடுக்கறது ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது அதிர்வு. ஏழையும் பதினொண்ணையும் தாண்டிப் போயிடுவாங்க. எட்ட ஷட்ஜமா வச்சு கணக்கு போட்டுப் பாருங்க, எட்டு ச, ஒன்பது சதுஸ்ருதி ரிஷபம், பத்து அந்தர காந்தாரம், பன்னிரண்டு பஞ்சமம், ஆறு கீழ் பஞ்சமம். அதாவது மோகனத்தோட ச ரி க ப! அதான் மொதல் தடவை கேக்கறப்பவே நமக்கு அந்நியமா தோணாம எங்கயோ கேட்ட மெட்டா இருக்கு.

வகை பல இருக்கு, முக்கியமா மூணு. கூமெய்ங்கறது மிருதுவானது, மொத்தக் கலைக்கும் அதே பேர்தான். சிகித்ல நாக்கோட ஓரம் மேல் ஈறோட ஒட்டி, பக்கத்துல சின்ன இடுக்கு மட்டும் விட்டு, விசில் மாதிரி கூர்மையா வரும். கர்கிராலதான் வயித்துலேர்ந்து உறுமற அந்தக் கனத்த குரல், அதுக்கு நிஜக் குரல் நாணுக்கு மேல இருக்கற பொய் நாணும் சேந்து பாதி வேகத்துல அதிருது, அதனால ஒரு ஸ்தாயி கீழ இறங்கிடுது. இதுக்கு மேல குதிரை சவாரில கால் வளையம் ஆடற தாளத்துல பாடற எசெங்கிலெயர், உருண்டு ஓடற ஓடைத் தண்ணிய குரல்ல கொண்டு வர போர்பங்நாதிர்னு அலங்காரங்கள் உண்டு.

பக்கவாத்தியமும் நமக்குப் பழக்கமானது ஒண்ணு இருக்கு. கோமுஸ்னு சொல்ற இரும்பு வாத்தியம், நம்ம மோர்சிங்தான், அதே பிடி, அதே நாக்கு வேலை. இகில்னு ரெண்டு தந்தி வச்ச வில் வாத்தியம், தந்தி குதிரை வால் முடி, தலைப்பக்கம் குதிரை முகம் செதுக்கியிருக்கும். செத்துப்போன தன் குதிரை கனவுல வந்து சொன்னபடி ஒரு ஏழைப் பையன் செஞ்சதுதான் முதல் இகில்னு அவங்க கதை.

பையன் யூடியூப் பாத்து ராத்திரி பகலா உறுமிட்டு இருக்கான், தொண்டை கெட்டுடாதா? (அம்மா, வெலிங்டன்)

உறுமறத நிறுத்தச் சொல்லுங்கம்மா, அது கர்கிரா, ஆள் வச்சுப் படிக்கணும், வலிச்சாலோ குரல் கம்மினாலோ அன்னைக்கு அத்தோட விட்டுடணும். அதுக்கு பதிலா இத செய்யச் சொல்லுங்க: வசதியான ஒரு சுருதில "ஊ"ன்னு பிடிச்சு, சுருதி மாறாம, ரொம்ப ரொம்ப மெதுவா "ஈ"க்கு வரணும், குளியலறைல நின்னு செஞ்சா இன்னும் நல்லா கேக்கும். நடுவுல மெல்லிசா படிப்படியா விசில் ஏறுற சத்தம் வரும். அது பிடிபட்டதும் "ல்" சொல்ல நாக்கு எங்க போகுதோ அங்க வச்சுட்டு அதையே செய்யட்டும். தொண்டைய இறுக்கவே வேண்டாம்.

பொம்பளைங்க பாடறது உண்டா? வீடியோல எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்காங்களே. (வாசகி, மஞ்சூர்)

நல்ல கேள்விமா. பொண்ணுங்க பாடினா குழந்தை பொறக்காது, குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லி ரொம்ப காலம் தடுத்து வச்சிருந்தாங்க. அப்பவும் வீட்டுக்குள்ள, மாடு கறக்கறப்போ, தாலாட்டு பாடறப்போ பாடினவங்க இருந்தாங்க, மேடை மட்டும் கிடைக்கல. சைன்கோ நாம்சிலாக்னு ஒருத்தங்க எண்பதுகளோட கடைசிலேர்ந்தே இந்தக் குரல புது மாதிரி இசைல கலந்து வெளிநாட்டு மேடை எல்லாம் ஏறினாங்க. 1998ல சோதுரா துமாத்னு ஒரு பாடகி பொண்ணுங்க மட்டுமே இருக்கற ஒரு குழுவ ஆரம்பிச்சாங்க, பேரு துவா கிசி. எதிர்ப்பு வந்துது, நிக்கல, இன்னைக்கு துவாலயே மரியாதையோட பாடறாங்க. ஆம்பளைங்க கச்சேரி கேட்ட கையோட அவங்க கச்சேரியையும் கேளுங்க, அதே நுட்பம் எவ்வளவு வேற நிறத்துல வருதுன்னு தெரியும்.

நான் டீ ஃபேக்டரில வேலை பாக்கறேன். அவங்க டீ குடிப்பாங்களா, எப்படிப்பட்ட டீ? (வாசகர், கட்டபெட்டு)

குடிப்பாங்களாவா! வீட்டுக்கு யார் வந்தாலும் மொத வேலை டீதான் அண்ணே, பேச்செல்லாம் அப்புறம். ஆனா சர்க்கரை கிடையாது, உப்பு. நீங்க அடிக்கற டஸ்ட், சிடிசி எல்லாம் அங்க ஆகாது, பச்சைத் தேயிலைய அழுத்திக் கட்டியா பண்ணினத உடைச்சு, பெரிய சட்டில தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சு, பால் ஊத்தி, உப்பு போட்டு, கரண்டில மொண்டு மொண்டு மேலேர்ந்து திருப்பி ஊத்திட்டே இருப்பாங்க. சில வீட்டுல வெண்ணெயும், வறுத்து அரைச்ச பார்லி மாவும் போட்டுக்குவாங்க. மைனஸ் முப்பதுல வெளிய போற ஆளுக்கு அது டீ மட்டும் இல்ல, சாப்பாடே அதுதான்.

அந்த டீல முதல் கரண்டி மனுஷனுக்கு இல்ல. காலைல வீட்டு அம்மா கூடாரத்துக்கு வெளிய வந்து, மரத்துல செஞ்ச ஒரு நீளக் கரண்டில எடுத்து வானத்துக்கும் மலைக்கும் ஆத்துக்கும் தெளிப்பாங்க. தோஸ் கராக்னு பேரு. கரண்டியோட முகத்துல மூணு மூணா ஒன்பது சின்னக் குழி செதுக்கியிருக்கும், ஒவ்வொரு குழிலயும் ஒரு சொட்டுப் பால் டீ நிக்கும், ஒரு வீசு வீசினா ஒன்பது சொட்டும் ஒன்பது பக்கமா போகும். மியூசியத்துல வைக்கற சாமான் இல்ல, தினப்படி கைல எடுக்கறது, பிடி எல்லாம் வழவழன்னு தேஞ்சு போயிருக்கும்.

நம்ம ஊட்டி குளிருக்கும் அந்த ஊர் குளிருக்கும் எவ்வளவு வித்தியாசம்? (பள்ளி மாணவன், லவ்டேல்)

தம்பி, ஊட்டி கடல்மட்டத்துலேர்ந்து சுமார் 2,240 மீட்டர், துவாவோட தலைநகர் கிசில் சுமார் 630 மீட்டர்தான், நம்ம மேட்டுப்பாளையத்தப் போல சுமார் ரெண்டு மடங்கு உசரம். உசரத்த மட்டும் பாத்தா அங்க புழுக்கமா இருக்கணும். ஆனா ஜனவரில மைனஸ் முப்பது சாதாரணம், மைனஸ் நாப்பதும் போகும். நாம ஜனவரில புல்லு மேல உறைபனி விழுந்தாலே செடிக்கெல்லாம் சாக்கு போட்டு மூடறோம்.

காரணம் மூணு. பூமத்திய ரேகைலேர்ந்து ரொம்ப வடக்க இருக்கு. கடல் எந்தப் பக்கமும் கிட்டக்க இல்ல, கடல்தான் குளிரையும் வெயிலையும் மட்டுப்படுத்தும். அப்புறம் சுத்தி மலை, நடுவுல பள்ளம், குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால கீழ இறங்கி அப்படியே தங்கிடுது. அந்தக் காத்தோட நிலக்கரி அடுப்புப் புகையும் தங்கிடறதால குளிர்காலத்துல கிசில் நகரத்துல மூச்சு விடறதே கஷ்டமா இருக்கும். ஜூலைல பாத்தா அதே ஊர்ல 30 டிகிரிக்கு மேல வெயில். ஒரே குடியரசுல வடகிழக்கு தோஜா காட்டுல கலைமான் (ரெயின்டீர்) மேல சவாரி செய்யறாங்க, தெற்க மங்கோலிய எல்லைல ஒட்டகம் மேயுது.

அவங்க என்ன மதம்? (வாசகர், பழனி)

திபெத்திய பௌத்தம், கூடவே அதுக்கும் முந்தின ஷாமன் வழிபாடு, அதாவது ஆவிகளோட பேசற பூசாரிகள நம்பற வழிபாடு. ரெண்டும் ஒரே வீட்டுல சண்டை இல்லாம இருக்கு. மலைக் கணவாய்ல கல்லைக் குவிச்சு கலர் துணி கட்டி வச்சிருப்பாங்க, ஓவான்னு பேரு, வண்டில போறவங்க இறங்கி ஒரு கல்லு வச்சுட்டுதான் போவாங்க. தனி நாடா இருந்தப்போ பிரதமரா இருந்த தோந்துக் கூலார் ஒரு முன்னாள் பிக்கு, பௌத்தத்த அரச மதமா ஆக்கினார், மாஸ்கோவுக்குப் பிடிக்கல, 1929ல கைது பண்ணி 1932ல கொன்னுட்டாங்க. மடங்கள கிட்டத்தட்ட மொத்தமா அழிச்சாங்க. சடான் ஊர்ல இருந்த உஸ்து கூரே கோயில் பல வருஷம் வெறும் மண்சுவரா நின்னு, 2012ல திரும்பக் கட்டி எழுப்பினாங்க. 1992ல தலாய் லாமா வந்தப்போ எவ்வளவு கூட்டம் கூடியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தோடர்களும் எருமையும் மாதிரி அவங்களும் மந்தை வச்சுப் பிழைக்கறவங்களா? அப்படின்னா பாட்டுக்கும் மந்தைக்கும் சம்பந்தம் உண்டா? (ஆய்வு மாணவர், ஊட்டி)

சம்பந்தம் உண்டாவா, பாட்டே அதுலேர்ந்து வந்ததுதான். செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, யாக், ஒட்டகம், கலைமான், எந்த நிலத்துல எது வளருமோ அத வச்சுப் பிழைச்சவங்க. வருஷத்துக்கு சில தடவை கூடாரத்த கழட்டி, வண்டில ஏத்தி, குளிர்கால இடம், கோடைகால இடம்னு மாறுவாங்க. ஒரு ஆடு குட்டி போட்டுட்டு குட்டிய சேத்துக்க மாட்டேன்னு உதைச்சா, பக்கத்துல உக்காந்து அதுக்குன்னே இருக்கற ஒரு மெட்ட திரும்பத் திரும்பப் பாடுவாங்க, தாய் ஆடு மெல்ல அடங்கி பால் குடுக்கற வரைக்கும். ஆட்டுக்கு ஒரு மெட்டு, பசுவுக்கு ஒரு மெட்டு, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஆகாது. ஆத்துப் பக்கத்துல உக்காந்து ஆத்தோட குரலுக்கு மேல தன் குரல வைக்கறது, பாறை எதிரொலிக்கற இடம் பாத்துப் பாடறதுன்னு அவங்க பாட்டுல இடமும் ஒரு பாதி.

சோவியத் காலத்துல மந்தையெல்லாம் கூட்டுப் பண்ணைக்குப் போச்சு, குடும்பங்கள ஊருக்குள்ள குடி வச்சாங்க. பாட்டு மேடை ஏறுச்சு. அதனால உலகம் கேட்டுது, தொண்டைப்பாட்டுப் பாடகர் கோங்கர் ஓல் ஓந்தார், ஹூன் ஹூர் துங்கற இசைக்குழு எல்லாம் நாடு நாடா போனாங்க, அது நல்லதுதான். ஆனா மேடைல மூணு நிமிஷம் கைதட்டுக்குப் பாடறதும் ஆட்டுக்குட்டிக்காக அரை ராத்திரில பாடறதும் ஒண்ணு இல்ல, என்னோட கருத்து அதுதான். மந்தை இருக்கற வரைக்கும்தான் அந்தப் பாட்டுக்கு வேர் இருக்கும்.

தோடர் விஷயத்துல நீங்க கேட்டது சரியான இடத்துல கேட்டீங்க. மொழியியல் அறிஞர் எமனோ 1930கள்ல நம்ம மலைல தங்கி தோடர் பாட்டுகள எழுதி எடுத்தார், 1971ல அது புத்தகமா வந்துது. அந்தப் பாட்டுல எருமையோட பேரு, மேய்ச்சல் இடத்தோட பேரு, ஓடையோட பேருன்னு வந்துட்டே இருக்கும். அந்த மேய்ச்சல் புல்வெளில எவ்வளவோ இடம் இன்னைக்கு சீகை மரமும் கற்பூர மரமும் டீயுமா நிக்குது. பேர் பாட்டுல இருக்கு, புல்லு அங்க இல்ல. ஆய்வுக்கு தலைப்பு தேடறீங்கன்னா, தயவு செஞ்சு இத எடுங்க, பாடத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கறப்பவே அவங்களோட அந்தந்த இடத்துக்கு நடந்து போய் எடுங்க, அவங்க சம்மதத்தோட.

ஊருக்குள்ள யானை வருது, மழை பெஞ்சா மண்சரிவு, இதுல துவா நமக்கு எதுக்குங்க? (வாசகர், கூடலூர்)

உங்க கோவம் நியாயம்தான், அந்தப் பிரச்சனைய நாம வாராவாரம் எழுதிட்டுதான் இருக்கோம், நிறுத்தப் போறதில்ல. ஆனா துவாவும் பொழுதுபோக்குக் கதை இல்லைங்க. ரஷ்யாலயே ஏழைப் பகுதிகள்ல அது ஒண்ணு. வேலை இல்லாத மலைக்கிராமத்துப் பசங்கதான் பட்டாளத்துல சேருறாங்க, உக்ரைன் போர்ல ஜனத்தொகைக் கணக்குப்படி பாத்தா அதிகமா உயிர் இழந்த பகுதிகள்ல துவாவும் இருக்கு. மொத்தமே மூணேகால் லட்சம் பேர் இருக்கற இடம், ஒவ்வொரு சாவும் பத்து வீட்டுக்குத் தெரிஞ்ச பையனோட சாவு. பாட்டுக்காக அந்த ஊர விரும்புற நாம இதையும் தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கறேன்.

ஒரு தடவையாவது போகணும்னு இருக்கு. எப்படிப் போறது, எப்போ போறது? (ஜீப் டிரைவர், கொடைக்கானல்)

மாஸ்கோ போய், அங்கேர்ந்து விமானத்துல நேரா கிசில் போகலாம், இல்லன்னா அபகான் வரைக்கும் ரயில்லயோ விமானத்துலயோ வந்து அங்கேர்ந்து ரோட்டுல சுமார் 400 கிலோமீட்டர். உங்க தொழிலுக்கு ரெண்டாவதுதான் சரி. சயான் மலைய ஏறி இறங்கற ரோடு, எர்காக்கி கணவாய் வழியா போகும், அந்தப் பக்கம் இறங்கறப்போ காடு முடிஞ்சு திடீர்னு மரமே இல்லாத புல்வெளி விரியும். குளிர்காலத்துல பனி சரிஞ்சு ரோட மூடறது உண்டு, அதனால ஜூன் கடைசிலேர்ந்து ஆகஸ்ட்டுக்குள்ள போங்க, அப்போதான் மேய்ப்பர் விழா நாதிம் நடக்கும், கூரேஷ் மல்யுத்தம், குதிரைப் பந்தயம் எல்லாம் பாக்கலாம்.

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட்லேர்ந்து ரஷ்ய இ-விசா இருக்கு, ஆனா குறிப்பிட்ட நுழைவிடம் வழியாதான் உள்ள விடுவாங்க, அந்தப் பட்டியல பாத்துட்டு டிக்கெட் போடுங்க. மங்கோலிய எல்லைய ஒட்டின கிராமங்களுக்கு தனி அனுமதி வேணும். போர் நடக்கறதால கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம வெளியுறவுத் துறை அறிவுரையையும் பாத்துடுங்க, நம்ம ஊர் பேங்க் கார்டு அங்க வேலை செய்யும்னு நம்பிப் போகாம கைல ரொக்கமா வச்சுக்கோங்க.

கிசில்ல ரெண்டு இடம் விட்டுடாதீங்க. ஒண்ணு, பெரிய யெனிசெய், சின்ன யெனிசெய்னு ரெண்டு ஆறு ஊர்கிட்டயே கூடி ஒரே ஆறா ஆர்க்டிக் கடல் வரைக்கும் கிளம்பற கரை, அங்கதான் "ஆசியாவின் மையம்" நினைவுத்தூண் நிக்குது. மையம் எங்கங்கறதுல சீனாக்காரங்களுக்கு வேற கணக்கு இருக்கு, அத விடுங்க, ஆத்தப் பாருங்க. ரெண்டாவது தேசிய அருங்காட்சியகம். 2001லேர்ந்து 2003 வரைக்கும் அர்ஜான்ங்கற இடத்துல ஒரு மண்மேட்ட தோண்டினப்போ சுமார் 2,600 வருஷத்துக்கு முந்தின ஒரு ராஜா, ராணி சமாதி கிடைச்சுது, கூட சுமார் 20 கிலோ தங்கம். அந்தத் தங்கம் அங்கதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னதா சிறுத்தை, மான், காட்டுப்பன்னின்னு ஆயிரக்கணக்குல செஞ்சிருக்காங்க, அரை நாள் ஒதுக்கிட்டுப் போங்க. திங்கட்கிழமைல மியூசியம் பூட்டியிருக்க வாய்ப்பு உண்டு, முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. கம்பளி மட்டும் நம்ம ஊர் ஸ்வெட்டர நம்பாதீங்க, ஜூலைலயே ராத்திரி மலைமேல நல்லா குளிரும்.